மார்கழியில் முதன்முறை மேடையேறும் பிள்ளைகளுக்கு

கர்நாடக இசைச் சபாவின் நிகழ்ச்சி நிரலில், பகல் ஒன்றரை மணி வரிசையில், நம் பெயர் அச்சாகி வந்ததைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் படம் போய்விடும். ஆனால் அந்த நாளுக்கும் தை பிறப்பதற்கும் நடுவில் ஒரு இளம் பாடகர் எதையெல்லாம் கடந்தாக வேண்டும் என்பதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. குரு பாட்டைச் சொல்லித் தருவார், பெற்றோர் காரில் கொண்டுவந்து விடுவார்கள். குரலையும் பணத்தையும் நேரத்தையும் அந்த ஒரு மாதத்துக்கு எப்படிப் பங்கிடுவது என்பதை அவரவர் தனியாக அடிபட்டுத்தான் கற்றுக்கொள்கிறோம். அடுத்து வரும் பிள்ளைகளாவது அப்படிக் கற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாய்ப்பு கிடைப்பதிலிருந்து தொடங்குகிறேன். டிசம்பர் சீசனுக்கான வேலை டிசம்பரில் ஆரம்பிப்பதில்லை. இளம் கலைஞர்களுக்கான பகல் நேரங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும், ஆகவே ஆடி ஆவணியிலேயே விண்ணப்பமும் ஒலிப்பதிவும் தயாராக இருக்க வேண்டும். பதிவு என்றால் ஸ்டுடியோவில் மெருகேற்றியது தேவையில்லை. நல்ல அறையில், வயலின் மிருதங்கத்தோடு, வெட்டி ஒட்டாமல் எடுத்த இருபது நிமிடம் போதும். அதில் ஒரு ஆலாபனையும் (சொல்லில்லாமல் ராகத்தை விரிப்பது) கொஞ்சம் கல்பனாஸ்வரமும் (அந்த நேரத்துக் கற்பனையில் ஸ்வரம் பாடுவது) கட்டாயம் இருக்கட்டும். தேர்வு செய்பவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு நிமிடத்தில் சுருதியைக் கேட்டுவிடுகிறார்கள், அதற்கப்புறம் மனோதர்மத்தை, அதாவது சொந்தக் கற்பனையை, தேடுகிறார்கள். வர்ணமும் கீர்த்தனையும் மட்டும் வைத்து அனுப்பினால் அவர்களுக்கு முடிவெடுக்க ஒன்றுமிருக்காது.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதால்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. பகல் கச்சேரிக்குச் சன்மானம் மிகக் குறைவு, சில இடங்களில் ஒன்றுமே கிடையாது. பக்கவாத்தியக்காரர்களுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும், மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அங்கேதான் போகும். அதற்கு மேல் ஒத்திகைக்கு அவர்கள் வந்துபோகும் செலவு, வண்டி, உடை, ஒலிப்பதிவு, வீடியோ. இதில் வெட்டக்கூடியது வீடியோவும் புது உடையும், வெட்டக் கூடாதது ஒத்திகை. இன்னொன்றும் உண்டு: நன்கொடை, விளம்பரப் பக்கம், ஸ்பான்சர் என்று பெயர் மாற்றிச் சில அமைப்புகள் பாடுபவரிடமே தொகை கேட்கும். அப்படிக் கொடுத்துக் கிடைக்கும் கச்சேரியில் பெரும்பாலும் விமர்சகரும் வரமாட்டார், ரசிகரும் வரமாட்டார். அந்தப் பணத்தை வைத்து நல்ல வயலின், மிருதங்கத்தோடு வீட்டில் நான்கு முறை முழுக் கச்சேரியாகப் பாடிப் பார்த்தால் குரலும் தாளமும் முன்னேறும். ஏமாந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கேட்கும்போதே "எங்களால் கொடுக்க இயலாது, பாட வாய்ப்பிருந்தால் சொல்லுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். அதனால் யாரும் பகையாகிவிடுவதில்லை.

எத்தனை கச்சேரி ஒப்புக்கொள்வது? இரண்டாம் வருடக் கல்லூரிப் பிள்ளை ஒருவர் ஏழு ஒப்புக்கொள்வதைப் பார்க்கிறேன். என் அபிப்பிராயம் இதில் உறுதியானது: முதல் சீசனில் ஒன்று போதும், இரண்டு அதிகபட்சம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும். முதல் கச்சேரியின் பதிவைக் கேட்டுத் திருத்திக்கொள்ளவே அவ்வளவு நாள் பிடிக்கும்.

பக்கவாத்தியம் சபாவே ஏற்பாடு செய்கிறதா, நாம் பேச வேண்டுமா என்பதைக் கடிதம் வந்தவுடன் கேட்டுவிடுங்கள். நாம்தான் என்றால் நவராத்திரிக்கு முன் பேசி முடித்துவிடுவது நல்லது, அப்புறம் நன்றாக வாசிக்கும் இளைஞர்களின் நாட்குறிப்பில் இடமிருக்காது. பேசும்போது தேதி, நேரம், இடத்தோடு சுருதியையும் சொல்ல வேண்டும். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; ஒரு மிருதங்கம் ஏறக்குறைய அரைக்கட்டை அளவுக்குத்தான் ஏறி இறங்கும். ஐந்து கட்டைக்குப் பாடும் பெண்ணுக்கு ஹெச்சு (உயர்ந்த) ஸ்ருதி வாத்தியம் வேண்டும், ஒரு கட்டைக்குப் பாடும் பையனுக்குத் தக்கு (தாழ்ந்த) ஸ்ருதி வாத்தியம் வேண்டும். கடம் இருந்தால் இன்னும் கறார், அதன் சுருதியை இழுத்துப் பிடிக்க வழியே கிடையாது. ஜலதோஷம் பிடித்து, அரைக்கட்டை இறக்கிப் பாடலாம் என்று தோன்றினால் முந்தைய இரவே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மேடையில் உட்கார்ந்தபின் சொன்னால் அவர் சுருதி சேர்க்கும் கல்லையும் மரக்கட்டையையும் வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருப்பார், பத்து நிமிடம் கரைந்துபோகும்.

ஒத்திகையில் முழுக் கச்சேரியையும் பாட வேண்டாம். பாட்டுகளின் எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்), நிரவல் வரி (பலவிதமாக விரித்துப் பாடும் ஒரு வரி), ஸ்வரம் எந்த இடத்திலிருந்து, முடிப்பு எங்கே, தனி (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) எந்தப் பாட்டில், இவ்வளவையும் பேசினால் போதும். "அண்ணா, மெயின் பாட்டு மிஸ்ர சாபு தாளம், தனிக்கு எட்டு நிமிஷம் வெச்சிருக்கேன்" என்று முன்கூட்டிச் சொல்லும் பிள்ளைக்கு மிருதங்கக்காரர் மேடையில் தோள்கொடுப்பார். நேரம் போய்விட்டது என்று சொல்லி அவருடைய எட்டு நிமிடத்தை மூன்றாக்கினால், வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவர் மனத்தில் அது தங்கும்.

நேரக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்க்காமல் யாரும் மேடையேறக் கூடாது. தொண்ணூறு நிமிடம் என்று அச்சில் இருந்தால் கையில் வருவது எண்பதுதான். முந்தைய கச்சேரி இழுத்தது, மைக் மாற்றியது, அறிமுகம், நன்றியுரை எல்லாம் சேர்ந்து பத்தைத் தின்றுவிடும். எண்பதுக்கு ஒரு கணக்கு இப்படி: வர்ணம் இரண்டு காலத்தில் ஐந்து நிமிடம். சின்ன ஸ்வரத்தோடு ஒரு கீர்த்தனை எட்டு. துணை ராகம் இருபது, அதில் ஆலாபனை ஆறு, வயலினுக்கு மூன்று, பாட்டு ஏழு, ஸ்வரம் நான்கு. நடுவில் விறுவிறுப்பான ஒன்று நான்கு. பிரதான ராகம் முப்பத்தெட்டு: ஆலாபனை ஒன்பது, வயலின் ஐந்து, பாட்டு எட்டு, நிரவலும் ஸ்வரமும் எட்டு, தனி எட்டு. துக்கடா (கடைசியில் வரும் சின்னப் பாட்டு) நான்கு, மங்களம் ஒன்று. கூட்டினால் சரியாக எண்பது. பெரும்பாலும் தடுமாறும் இடம் துணை ராகம்தான். கைதட்டல் கிடைத்த உற்சாகத்தில் ஆறு நிமிட ஆலாபனை பத்தாகும், வயலின்காரரும் அதற்கேற்ப நீட்டுவார், அங்கே போன ஏழெட்டு நிமிடம் பிரதானத்தின் கழுத்தில் விழும். சின்ன கடிகாரம் ஒன்றை நம் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி சுருதிப்பெட்டியின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது சபையிலிருப்பவர்களுக்குத் தெரியும்.

பாட்டுத் தேர்வில், கற்று ஒரு வருடமாவது ஆன பாட்டுகளை மட்டும் எடுங்கள். புரட்டாசியில் பாடமான அருமையான கிருதியை டிசம்பரில் பாட ஆசை வரும். படபடப்பில் முதலில் நழுவுவது அப்படிப்பட்ட பாட்டின் சரணம்தான். அடுத்தடுத்து இரண்டு பிரதிமத்யம (உயர்ந்த மத்யமம் வரும்) ராகம் வேண்டாம். கல்யாணிக்குப் பிறகு உடனே பூர்விகல்யாணி வந்தால் பின்னதன் நிறம் எடுபடாது. எல்லாமே ஆதி தாளமாக இருந்தால் மிருதங்கத்துக்கு வேலையில்லை, ஒரு ரூபகமும் ஒரு சாபுவும் கலந்தால் கச்சேரியின் நடை மாறும். தமிழ்ப் பாட்டைக் கடைசித் துக்கடாவுக்கென்று ஒதுக்காமல் துணை ராகத்திலோ பிரதானத்திலோ வைத்துப் பாருங்கள். நிரவலில் வரியின் பொருள் கேட்பவருக்கு நேராகப் போய்ச் சேர்வதை முகங்களிலேயே பார்க்கலாம்.

கல்பனாஸ்வரத்தை எப்படி முடிப்பது என்ற பயம் இளையவர்களுக்கு அதிகம். பத்துக் கோர்வை (ஸ்வரத்தை முடிக்கும் தாளக் கணக்கு) மனப்பாடம் செய்து மேடையில் எல்லாவற்றையும் குழப்புவதைவிட, ஒன்றைத் தெரிந்து பல ராகங்களில் பாடுவது பத்திரம். ஆதி தாளம் ஒரு களையில் ஒரு ஆவர்த்தம், அதாவது ஒரு தாளச் சுற்று, 32 மாத்திரை. முதலில் ஆறு, ஐந்து, நான்கு என்று குறைத்து வாருங்கள், பதினைந்து ஆயிற்று. பிறகு ததிங்கிணதொம் என்ற ஐந்தை மூன்று முறை, நடுவே ஒவ்வொரு மாத்திரை இடைவெளி விட்டு, பதினேழு. சேர்த்தால் 32. பாட்டின் எடுப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே தொடங்கினால் அங்கேயே வந்து விழும், சமத்தில் (சுற்றின் முதல் அடியில்) எடுப்பானாலும் ஒன்றரை இடம் தள்ளியிருந்தாலும் கணக்கு ஒன்றுதான். இரண்டு களையில் (சுற்றின் நீளம் இரட்டிப்பாகும்), சம எடுப்பாக இருந்தால், லகு முடிந்து முதல் திருதம் ஆரம்பிக்கும் இடத்தில், அதாவது சுற்றின் சரிபாதியில், தொடங்க வேண்டும். கடைசி ஐந்தின் கடைசி ஸ்வரம் பாட்டின் முதல் ஸ்வரத்துக்கு இயல்பாகக் கொண்டுபோய் விட வேண்டும். அதை ராகத்துக்கு ராகம் உட்கார்ந்து அமைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் காதுக்கு ஒட்டவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இந்தக் கடைசி ஸ்வரம்தான்.

இனி குரல். மார்கழியில் குரலைக் கெடுப்பது பனி மட்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம். எனக்குத் தெரிந்து அதைவிட அதிகம் கெடுப்பது பேச்சு. சபா கேன்டீனில் நூறு பேர் பேசும் இரைச்சலில் நம்மையறியாமல் குரலை உயர்த்தி ஒரு மணி நேரம் அரட்டையடிப்பது, இரண்டு மணி நேரம் பாடுவதைவிடத் தொண்டையை அதிகம் தேய்க்கும். கேன்டீனுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அடை அவியலும் காபியும் நண்பர்களும் இல்லாமல் என்ன சீசன்? வெளியே மரத்தடியில் நின்று பேசுங்கள், அவ்வளவுதான். ராத்திரி ஒன்பதரைக்குக் கச்சேரி முடிந்து, பத்து மணிக்கு வயிறு நிறைய எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறிக் காலையில் குரல் கரகரக்கும். படுக்கப் போவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பது நல்லது.

விடியற்காலை பஜனை இந்த மாதத்தின் பெரிய ஆனந்தம். மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய வழக்கம் அது, அந்தத் தெருக்களில் பாடிக்கொண்டு நடக்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் அங்கே மைக் கிடையாது, ஜால்ராச் சத்தத்தை மீறிக் கத்த ஆரம்பித்துவிடுவோம். மந்திர (கீழ்) ஸ்தாயியிலும் மத்திய ஸ்தாயியிலும் மட்டும் பாடுவது, கச்சேரிக்கு முந்தைய இரண்டு நாட்களில் தாளம் மட்டும் போடுவது என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டால் இரண்டையும் அனுபவிக்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று: நாம் குடிக்கும் தண்ணீர் குரல்நாண்களை நேராகத் தொடுவதில்லை, உடம்பெங்கும் கலந்துதான் அங்கே ஈரம் போகும். மேடையில் மடக்மடக்கென்று குடிப்பதைவிடக் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வருவதுதான் உதவும். ஆவி பிடிப்பது நல்லது. மெந்தால் மிட்டாய் வலியை மரக்கச் செய்யும், குணப்படுத்தாது, அதை வாயில் அடக்கிக்கொண்டு தாரஸ்தாயியில் (மேல் ஸ்தாயியில்) அழுத்தினால் காயம் பெரிதாகும். தொண்டை கட்டிவிட்டால் கிசுகிசுவென்று பேசாதீர்கள், அதுவும் சிரமம்தான். மௌனமே சிறந்தது. தெரிந்தவர் சொன்னார் என்று ஸ்டீராய்டு மாத்திரையோ, ஆஸ்பிரின் வகை வலிநிவாரணியோ போட்டுக்கொண்டு பாடுவது ஆபத்து. பின்னது ரத்தம் உறைவதைக் குறைப்பதால் குரல்நாணில் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்த்து, பாடலாமா கூடாதா என்று நேராகக் கேளுங்கள். கூடாது என்றால் கச்சேரியை விட்டுக்கொடுங்கள். அழுகை வரும். ஆனாலும் விட்டுக்கொடுங்கள், காயம் ஆற மாதக்கணக்கு ஆகும்.

கச்சேரி நாளில் முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மிருதங்கத்தின் இடந்தலையில் (இடது முகத்தில்) ரவை பூசிப் பதம் பார்க்கவே பத்து நிமிடம் வேண்டும். ஏசி அரங்கின் வறண்ட காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறும், மழைநாள் ஈரத்தில் தளர்ந்து இறங்கும். அதனால் பக்கத்து அறையில் சேர்த்த சுருதியை நம்பாமல் மேடையில் இன்னொரு முறை சேர்க்க வேண்டியிருக்கும். சுருதிக்குக் கைபேசியைப் பயன்படுத்தினால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், முழுச் சார்ஜ் இருக்கட்டும். ஆலாபனை நடுவில் ஒரு அழைப்பு வந்து சுருதி நின்றுபோனால், அதன்பின் மனத்தைத் திரும்பக் கட்டுவது கடினம். மாற்றாக ஒரு சுருதிப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வயலின் நமக்கு இடப்பக்கம், மிருதங்கம் வலப்பக்கம் உட்காருவது வழக்கம், வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. இடது கை வாசிப்பவர் என்றால் பக்கம் மாறும். பழனி சுப்பிரமணிய பிள்ளை போன்ற மேதையே இடது கை வாசிப்பவர்தான். இதை மைக் வைப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் கடைசி நிமிட இழுபறி இருக்காது.

பகல் கச்சேரிக்குத் தனியாகச் சவுண்ட் செக் கிடைக்காது. மானிட்டர் ஸ்பீக்கரில் முதலில் சுருதியை வைக்கச் சொல்லுங்கள், பிறகு உங்கள் குரலை, கடைசியில் மிருதங்கத்தைக் கொஞ்சமாக. பலர் குரலை மட்டும் ஏற்றச் சொல்கிறார்கள். சுருதி காதில் விழாமல் தாரஸ்தாயி பஞ்சமம் மெல்ல இறங்கிப்போவதற்குக் காரணம் அதுதான். மைக் வாயிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, சற்றே கீழிருந்து மேல்நோக்கி இருக்கட்டும். ஒட்டிப் பாடினால் அடிக்குரல் வீங்கிச் சாகித்தியம் புரியாது.

திரை விலகும்போது முன்னால் இருப்பது அம்மா, அப்பா, குரு, பக்கத்து வீட்டு மாமி, தூங்குவதற்கு ஏசியைத் தேடி வந்த சிலர் என்றுதான் இருக்கும். நெஞ்சு கொஞ்சம் உடையும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அவர்களிலும் பாதிப் பேர் எழுந்து போவார்கள். அந்த எட்டு நிமிடமும் தாளத்தைத் தெளிவாகப் போடுங்கள், மிருதங்கக்காரர் முகத்தைப் பாருங்கள், அவர் வாசிப்பதைக் கேளுங்கள். மூன்றாம் வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பெரியவர் இருப்பார், பாடி முடித்ததும் வந்து "அந்தக் காந்தாரத்துல இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம் குழந்தே" என்பார். பகல் கச்சேரிக்கென்றே வரும் இப்படிப்பட்டவர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள். அவர் சொன்னதை வீட்டுக்குப் போனதும் எழுதிவையுங்கள்.

பாடாத நாட்கள் கேட்பதற்கு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, அதையொட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாகப் பிறந்தது மியூசிக் அகாடமி, 1928இல். அந்த மாநாட்டு மரபு காலை நேர விளக்கவுரைகளாக இன்றும் தொடர்கிறது. மாலைக் கச்சேரிக்கு அலைமோதும் பிள்ளைகள் இந்தக் காலை அமர்வுகளை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு ராகத்தின் பழைய உருவம், ஒரு பாடாந்தரத்துக்கும் (குருவழியில் வந்த பாட முறைக்கும்) இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு என்று வகுப்பில் கேட்க நேரமில்லாததெல்லாம் அங்கே கிடைக்கும். மாலையில் ஒரே நாளில் மூன்று சபா ஓடுவதைவிட ஒரு கச்சேரியை முதலிலிருந்து மங்களம் வரை கேளுங்கள். ராகத்தின் பெயரைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தாமல், ஆலாபனை எந்த ஸ்வரத்தில் எத்தனை நேரம் நின்றது, வர்ணத்தின் வேகத்திலிருந்து அடுத்த பாட்டின் வேகத்துக்கு எப்படி நகர்ந்தார் என்று இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கச்சேரியின் பதிவை அன்றிரவே கேட்காதீர்கள். மூன்று நான்கு நாள் போகட்டும். மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவில் குரல் பளிச்சென்று கேட்கும், அரங்கின் நடுவில் ஒரு கைபேசி வைத்து எடுத்ததுதான் சபையில் எப்படிக் கேட்டது என்பதைச் சொல்லும். இரண்டும் வேண்டும். முதல் தடவை காலப்பிரமாணத்துக்காக (பாட்டின் வேகத்துக்காக) மட்டும் கேளுங்கள்: பல்லவியின் முதல் ஆவர்த்தத்தையும் ஸ்வரம் முடிந்த பின் வரும் பல்லவியையும் மெட்ரோனோமில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு ஓடியிருக்கிறோம் என்று தெரியும். இரண்டாம் தடவை சுருதிக்காக. மூன்றாம் தடவை சொற்களுக்காக. எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டால் மனம் சோர்ந்து பாதியில் அணைத்துவிடுவோம்.

கடைசியாகத் திருவையாறு. தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று சமாதியடைந்தார், ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் (புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாளில்), பெரும்பாலும் ஜனவரியில் வரும். அங்கே அவருடைய பஞ்சரத்தினக் கிருதிகள் ஐந்தையும் எல்லோரும் சேர்ந்து பாடுவது ஏறக்குறைய ஒரு மணி நேரம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று அந்த ஐந்து ராகங்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவைக்கு அமைத்த இசையில் முதல் ஐந்து பாசுரங்களும் இதே ஐந்து ராகங்கள், இதே வரிசை. ஆகவே மார்கழி முதல் நாளிலிருந்து தினம் ஒரு பாசுரம் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு ஐந்தாம் நாளிலேயே அந்த ராகங்கள் வாயில் படிந்துவிடும், அங்கிருந்து பஞ்சரத்தினத்தின் ஸ்வரப் பகுதிகளுக்குப் போவது சுலபம். கோஷ்டியில் பாடும்போது ஸ்வரத்தையும் சாகித்தியத்தையும் மனப்பாடமாக வைத்திருங்கள், கையில் புத்தகம் இருந்தால் தாளம் போட முடியாது. சுருதி எல்லோருக்கும் பொதுவானது, உங்களுக்கு எட்டாத இடத்தில் கீழ் ஸ்தாயியில் பாடுங்கள், இழுக்காதீர்கள். தனியாகச் சில நிமிடம் பாட வேண்டுமென்றால் முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும். அதற்கு ஆலாபனை இல்லாமல் நேரே எடுக்கக்கூடிய சின்னக் கிருதி ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பின் ஒரு வாரம் குரலுக்கு ஓய்வு கொடுங்கள். பக்கவாத்தியக்காரர்களுக்குத் தர வேண்டியது பாக்கியிருந்தால் அந்த வாரத்திலேயே நேரில் போய்த் தாம்பூலத்தோடு கொடுத்துவிட்டு, அடுத்த வருடத் தேதியைப் பற்றியும் அப்போதே ஒரு வார்த்தை போட்டுவையுங்கள்.